அங்கேயும் ஒரு கடல்முனை

கேள்வி: மகள் ஸ்பெயினில் காதிஸ் பக்கம் வேலை பார்க்கிறாள். மே மாதம் நாங்கள் போகிறோம். தாரிஃபா என்ற ஊர் நம் கன்னியாகுமரி மாதிரியே இருக்கும் என்கிறாள். இரண்டு நாள் தங்குகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது அண்ணாச்சி?
- வாசகி, குளச்சல்

பதில்: தாராளமாகத் தங்குங்கள் அக்கா. ஐரோப்பிய நிலப்பரப்பின் தென்கோடி அதுதான். ஊரிலிருந்து பலோமாஸ் என்ற குட்டித் தீவுக்கு ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். அதில் தெற்கு பார்த்து நின்றால் வலது பக்கம் அட்லாண்டிக், இடது பக்கம் மத்தியதரைக் கடல். எதிரே 14 கிலோமீட்டரில் ஆப்பிரிக்கா, வானம் தெளிந்திருந்தால் மொராக்கோ மலைகள் அப்படியே தெரியும்.

காற்றுதான் நம்ம ஊர் ஞாபகத்தைக் கொண்டுவரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று நெருக்கிக்கொண்டு வருமே, அதுபோல இரு கரை மலைகளுக்கும் நடுவே ஜலசந்தியில் காற்று வேகமெடுக்கிறது. கிழக்கிலிருந்து வந்தால் லெவாந்தே, மேற்கிலிருந்து வந்தால் போனியெந்தே. முப்பந்தல் மாதிரி காற்றாலைகளும் வரிசையாக நிற்கின்றன. குடை கொண்டு போகாதீர்கள், தாங்காது.

ஊருக்குள் 960-ல் அப்போது அங்கே ஆண்ட கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டுவித்த கோட்டை இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும்.

ஆனால் ஒரு முழுப் பகலை பொலோனியா கடற்கரைக்கு வையுங்கள். அங்கே பாயலோ கிளாவுதியா என்ற ரோமானிய ஊர் இடிபாடுகளாகக் கிடக்கிறது. அரங்கம், கோயில்கள், சந்தை எல்லாம் உண்டு, பலரும் அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கடலோரம் வரை இறங்கிப் போங்கள். சதுரமும் வட்டமுமாகத் தரையில் தொட்டிகள் இருக்கும், உள்ளே இறங்கினால் ஆள் மறையும் போல ஆழம். சூரை மீனை வெட்டி உப்போடு அடுக்கிவைத்த தொட்டிகள் அவை. மீன் குடலையும் உப்பையும் வெயிலில் நொதிக்கவைத்து காரும் என்று ஒரு சாறும் எடுத்தார்கள், அது ரோம் வரைக்கும் கப்பலில் போனது. கருவாட்டு வாசத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, அந்த ஊரே மீனால் பிழைத்த ஊர்.

நீங்கள் போகிற மே மாதமும் தோதானது. முட்டையிட மத்தியதரைக் கடலுக்குள் போகும் சூரைக் கூட்டத்தை மறித்து வலை கட்டுகிற அல்மத்ராபா என்ற பழைய முறை இன்றும் அந்தக் கரையில் நடக்கிறது, அதன் பருவம் அப்போதுதான். புது மீன் கிடைக்கும், சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், வெயில் தாழ்ந்ததும் பக்கத்திலிருக்கிற 30 மீட்டர் உயர மணல்மேட்டில் ஏறுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் ஏறுவது சுலபம்.