பக்கத்து வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை

கேள்வி: நான் பல ஆண்டுகளாக லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகன். பக்கத்துப் பகுதிப் பரம எதிரியான டாட்டன்ஹாம் புதிய மேலாளரை (தலைமைப் பயிற்சியாளரை) நியமிக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் நண்பர்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார், ‘இவர் ஒரு வருடம்கூடத் தாங்கமாட்டார்’ என்று சிரிக்கிறார்கள். மறு சாரார், ‘இவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்கிறார்கள். நான் எந்தப் பக்கம் சேரலாம்?

பதில்: எந்தப் பக்கமும் வேண்டாம். இரு சாராரும் பக்கத்து வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் ஜாதகத்தைத்தான் புரட்டுகிறார்கள். அவர் வாழப்போகும் வீட்டைப் பார்ப்பதில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அப்போதைய மேலாளர் மொரீன்யோவை ஏப்ரலில் நீக்கிவிட்டு 72 நாட்கள் தேடிய பிறகு டாட்டன்ஹாம் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவை நியமித்தபோது உங்கள் தரப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரோ நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டி உட்பட மூன்று அணிகளை அடுத்தடுத்து 1-0 என வென்று, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகின் புள்ளிப்பட்டியலில் உச்சியில் அணியை நிறுத்தி, அம்மாதத்தின் சிறந்த மேலாளர் விருதையும் பெற்றார். அந்த மூன்றாவது வெற்றி வந்த வார இறுதியில், ஒரு கோல்கூட அடிக்காமல் ஒன்பது கோல்களை வாங்கிக்கொண்டு, பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது உங்கள் ஆர்சனல். அன்று உங்கள் குழுவில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் உங்கள் மேலாளர் ஆர்டெட்டாவைத்தான் முதலில் பெட்டி கட்டச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் நவம்பர் 1 அன்று வெளியேற்றப்பட்டவர் நூனோ. ஆர்டெட்டா தங்கினார், 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லீகில் இரண்டாம் இடம் பெற்றார். (அதுவே அவருக்கு வாடிக்கையாகிவிட்டது என்று டாட்டன்ஹாம்காரர்கள் சொல்வது வேறு கதை.)

இதை வைத்து நூனோ திறமையற்றவர், ஆர்டெட்டா மேதை என்று முடிவு கட்டினால் மறுபடியும் ஜாதகத்துக்கே போய்விடுவீர்கள். 2019 டிசம்பரில் வந்தபோது ஆர்டெட்டா எந்த அணிக்கும் தலைமைப் பொறுப்பு வகித்திராத உதவிப் பயிற்சியாளர்தான். முதல் இரண்டு சீசன்களிலும் அவருக்குக் கிடைத்தது எட்டாம் இடம். அதன் பிறகும் அவருக்குக் காலம் தரப்பட்டது, அவருடைய ஆட்டமுறைக்கு ஏற்ற வீரர்கள் வாங்கப்பட்டார்கள். டாட்டன்ஹாமோ 2019 நவம்பர் முதல் 2023 ஜூன் வரை, பின்வாங்கிக் காத்திருந்து எதிர்த்தாக்குதலில் அடிக்கும் மொரீன்யோ, அவரைப் போலவே எச்சரிக்கையாக ஆடவைத்த நூனோ, மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை நம்பிய கான்டே, தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தும் போஸ்டெகோக்லூ என்று நான்கு பேரை நியமித்தது. ஒருவருக்காக வாங்கிய வீரர் அடுத்தவருக்குச் சுமையாகத்தானே இருப்பார்? மாப்பிள்ளைகள் மாறினார்கள், மாமனார் மாறவில்லை: 2001 முதல் 2025 செப்டம்பர் வரை தலைவர் பதவியில் இருந்தவர் டேனியல் லெவி.

சிரிக்கும் சாராருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நூனோவுக்குப் பின் வந்த கான்டே 2023 மார்ச்சில் வெளியேறினார். ஆகவே ஒரு வருடக் கணக்குத் தவறினாலும் ‘தாங்கமாட்டார்’ என்ற வாக்கு பலித்தது. ஆனால் அது பலிப்பதற்குள், 2022 மே 12 அன்று அவர் ஆர்சனலை 3-0 எனத் தோற்கடித்து, 71 புள்ளிகளுடன் நான்காம் இடத்தைப் பிடித்துவிட்டார். 69 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் நின்ற உங்களுக்கு, முதல் நான்கு இடங்களுக்கு மட்டுமே கிடைத்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு இல்லை.

ஜாதகம் பார்ப்பதில் டாட்டன்ஹாம்காரர்களும் குறைந்தவர்கள் அல்லர். ஆர்சனலுக்கு 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் வென்று தந்த ஜார்ஜ் கிரஹாம் 1998இல் அங்கே மேலாளராகப் போய், சில மாதங்களிலேயே லீக் கோப்பையை (இது லீக் பட்டம் அல்ல, தனி நாக்-அவுட் தொடர்) பெற்றுத் தந்தார். கோப்பை கொண்டுவந்த மாப்பிள்ளையையும் அவர்களில் பலர் கடைசிவரை மனமார ஏற்கவில்லை.

போஸ்டெகோக்லூவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் அவருடைய அணி இருபது அணிகள் ஆடும் பிரீமியர் லீகில் 17ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்று ஐரோப்பாவின் இரண்டாம்நிலைத் தொடரான யூரோப்பா லீக் கோப்பையை, 17 ஆண்டுகளில் டாட்டன்ஹாமின் முதல் கோப்பையை, கைப்பற்றியது. பதினாறு நாட்களில் அவர் நீக்கப்பட்டார். சிரித்தவர்கள் 17ஆம் இடத்தைக் காட்டியிருப்பார்கள், அஞ்சியவர்கள் கோப்பையைக் காட்டியிருப்பார்கள். இருவர் பேச்சும் சரிதான். அந்த சீசனில் ஆர்சனலின் அலமாரிக்கு ஒரு கோப்பைகூட வந்து சேரவில்லை என்பதைத்தான் உங்கள் குழுவில் ஒருவரும் பேசியிருக்கமாட்டார்கள்.