டௌத்தேயின் கண்ணில் நான்கு துளை

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரைச் சந்தில் ஒரு டௌத்தே (சத்தமாகக் கத்தும் பெரிய பல்லி) ஆறு மாதமாகக் குடியிருக்கிறது. ராத்திரி கரண்ட் போனால் போதும், கத்த ஆரம்பித்துவிடும். கும்மிருட்டில் அது கரப்பானை எப்படிப் பிடிக்கிறது? அதற்கும் பூனைக் கண்தானா?
- வாசகி, தட்டோன்

பதில்: கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை அம்மா. டிவியும் ஃபேனும் அடங்கியதும் அதன் குரல் நம் காதில் விழுகிறது, அவ்வளவுதான். கத்துவது ஆண். பெண்ணைக் கூப்பிடவும், வேறு ஆண் நெருங்காமல் இருக்கவும் அந்தச் சத்தம். 2021இல் குஜராத்தைத் தாக்கிய டவ்தே புயலுக்கு இந்தப் பல்லியின் பெயரைக் கொடுத்தது நம் மியான்மார்தான்!

பூனைக் கண் இல்லை. மங்கிய ஒளியில் பார்க்க நம் கண்ணிலும் பூனைக் கண்ணிலும் குச்சி செல்கள் உண்டு; நிறம் பார்க்கக் கூம்பு செல்கள். பல்லியின் முன்னோர் பகலில் திரிந்த காலத்தில் குச்சி செல்களை இழந்துவிட்டார்கள். வாரிசுகள் மறுபடி ராத்திரிக்குத் திரும்பியபோது இருந்த கூம்புகளே பெருத்து, நீண்டு, குச்சிகளின் வேலையையும் ஏற்றுக்கொண்டன. அதில் ஒரு லாபமும் கிடைத்தது. டௌத்தேக்கு உறவான ஓர் ஆப்பிரிக்கப் பல்லி, நமக்கு எல்லாமே சாம்பலாகத் தெரியும் மங்கலான நிலா வெளிச்சத்திலும் நிறம் பிரித்துப் பார்க்கிறது என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இன்று ராத்திரி டார்ச்சை லேசாகச் சாய்த்து அதன் கண்ணைப் பாருங்கள். அகன்றிருந்த பாவை செங்குத்துக் கோடாகச் சுருங்கும். இன்னும் வெளிச்சம் பட்டால் கோடும் மூடி, மேலிருந்து கீழாக ஊசிமுனை அளவில் நான்கு துளைகள் மட்டும் மிஞ்சும். இருட்டுக்குப் பழகிய கண் பகலில் கூசாமலிருக்க அந்த ஏற்பாடு. இமை கிடையாது; தூசி விழுந்தால் நாக்கை நீட்டிக் கண்ணையே நக்கிக்கொள்ளும்.

பார்ப்பதோடு நிறுத்துங்கள், கையில் பிடிக்காதீர்கள். பத்து வயதில், யாங்கோன் பக்கத்துச் சிரியம் ஊரில், நான் பிடித்தேன். கட்டைவிரலைக் கவ்வியது விடவே இல்லை. தாத்தா என் கையை அப்படியே தண்ணீர் வாளிக்குள் அமுக்கிய பிறகுதான் வாயைத் திறந்தது. மருந்துக்கு என்று யாராவது விலை பேச வந்தாலும் கொடுக்காதீர்கள். டௌத்தே எந்த நோயையும் தீர்ப்பதில்லை. அதன் சர்வதேச வியாபாரத்துக்கு 2019 முதல் கட்டுப்பாடும் இருக்கிறது.

கேள்வி: கூகை கத்தினால் சாவு என்கிறார் என் மாமியார். பக்கத்து பர்மியர் வீட்டிலோ அதிர்ஷ்டத்துக்கு என்று பொன்னிற ஆந்தைப் பொம்மை ஜோடி வைத்திருக்கிறார்கள். யார் சொல்வது சரி?
- வாசகி, யாங்கோன்

பதில்: மாமியாரிடம் நான் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. ஆனால் கூகை பறந்து வரும்போது சத்தமே கேட்காது. இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு காற்றின் இரைச்சலைக் குறைத்துவிடும். அதன் காதுத் துளைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே. எலி எங்கே சரசரக்கிறது என்பதை அந்த ஏற்றத்தாழ்வை வைத்தே கண்டுபிடித்து, சுத்த இருட்டிலும் அடித்துவிடும். அரிசி மூட்டை இருக்கும் வீடு என்றால் நான் பக்கத்து வீட்டார் கட்சி.