பழைய ஜீப்பின் பின் ட்ரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பழைய சுசுகி ஜீப், முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். கடற்கரை மணலுக்கும் தண்ணீருக்கும் போய் வந்தால் பின் பிரேக் பிடிப்பதில்லை. பின்னுக்கும் டிஸ்க் போட்டால் சரியாகுமா, யாராவது செய்து பார்த்தீர்களா என்று கேட்கிறார்.

நான் செய்திருக்கிறேன். என்னுடையதும் சுசுகிதான், எஸ்ஜே413. மச்சானுக்கு மருதங்கேணிப் பக்கம் மீன்வாடி இருக்கிறது. ஐஸ் பெட்டி, படகு என்ஜின், வலை என்று கிழமைக்கு நாலைந்து தடவை கரை மணலுக்குள் இறங்குகிற வண்டி. பின்னுக்கு டிஸ்க் போட்டு மூன்று மாரி போய்விட்டது. மாற்றியது எனக்குப் பிரயோசனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்கும் பலருக்குத் தேவை டிஸ்க் அல்ல, ஒழுங்காகத் திருத்திய ட்ரம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டிஸ்க் நல்லது என்பதற்கு எல்லாரும் சொல்கிற காரணம் சூடு. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது பிரேக்கை அடித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சூடாகி விரியும், லைனரின் (ட்ரம்மின் உட்சுவரில் உரசிப் பிடிக்கும் பட்டை) பிடிமானம் குறையும், பெடல் கீழே போகும். டிஸ்க் வெளியில் காற்றுப் பட நிற்பதால் கெதியாக ஆறிவிடும். ஆனால் எங்கள் குடாநாட்டில் அப்படி இறங்குவதற்கு மலை ஏது? எங்களுக்குள்ள பிரச்சினை மணலும் உப்புத்தண்ணீரும். ட்ரம் என்பது மூடிய பெட்டி. உள்ளே போன தண்ணீர் உடனே வெளியே வராது, ஈர லைனர் வழுக்கும். மணல் போனால் அங்கேயே கிடந்து அரைக்கும். டிஸ்க் சுற்றும்போதே தண்ணீரை உதறிவிடும், மிச்சத்தை, டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கிற பாட் துடைத்துவிடும். எங்கள் ஊரில் பின் டிஸ்க்குக்கு உள்ள உண்மையான நியாயம் இதுதான். வண்டி இரண்டு மடங்கு கெதியாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரேக் அடித்தவுடன் பாரம் முன்னுக்குப் போகிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியை முன் சில்லுகள்தான் செய்கின்றன.

சரி, முதலில் ட்ரம்மைக் கழற்றிப் பாருங்கள். நான் கழற்றியபோது இடது பக்கத்திலிருந்து இரண்டு கைப்பிடி ஈர மணல் நிலத்தில் கொட்டியது. ட்ரம்மின் உட்சுவரில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடு. இழுக்கிற ஸ்பிரிங் ஒன்றை விரலால் அமத்தினேன், பிஸ்கட் மாதிரி நொருங்கிவிட்டது. வலது பக்கத்தில் மணல் குறைவு, ஆனால் லைனர் முழுக்க ஒயில். எக்ஸல் சீல் (ஒயிலை அடைக்கும் வளையம்) போய், டிஃபரன்சியல் (இரண்டு பின் சில்லுக்கும் பலத்தைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) ஒயில் வந்து லைனரை நனைத்திருந்தது. இந்த நிலையில் இருக்கிற ட்ரம்மை வைத்து ட்ரம்மே சரியில்லை என்று முடிவெடுக்கக் கூடாது. சீல் மாற்றி, புது லைனரும் புது வீல் சிலிண்டரும் (ஒயில் அழுத்தத்தால் லைனரைத் தள்ளுவது) போட்டு, ட்ரம்மைக் கடைசல் பிடித்து (எந்த விட்டம் வரை போகலாம் என்று அதிலேயே பொறித்திருக்கும்), அட்ஜஸ்டரைச் சரியாக வைத்தால் றோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது தாராளம். நானும் அப்படித்தான் செய்தேன், ஒரு வருடம் நன்றாக ஓடியது. அடுத்த மாரியில் மறுபடி மணல். மாதத்துக்கு ஒருமுறை ட்ரம் கழற்றுவது எனக்கு முடியாமல் போனதால்தான் மாற்றினேன். நீங்கள் வருடத்தில் இரண்டு மூன்று தடவை மணற்காட்டுக்கோ சுண்டிக்குளத்துக்கோ சும்மா போய் வருகிறவர் என்றால் ட்ரம்மைத் திருத்திக்கொண்டு இருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், கலிப்பரும் (பாட்டை டிஸ்க்கில் அமத்துகிற பிடி) டிஸ்க்கும் பூட்டுவது இதில் லேசான பகுதி. எஸ்ஜே413க்குச் சில்லில் ஐந்து நட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். அந்த வட்டத்துக்குப் பொருந்தும் தொப்பி வடிவ டிஸ்க் ஒன்றும், கைப்பிரேக் நெம்பு உள்ள ஜப்பான் கார் பின் கலிப்பர் ஒரு சோடியும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமானாக எடுத்தேன். கலிப்பரைத் தாங்குகிற தகட்டை இங்கே லேத்தில் வெட்டுவித்தேன். அதில் ஒன்றைக் கவனியுங்கள். ட்ரம்மின் பின் தகடு எக்ஸல் முனைக்கும் பெயாரிங் பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு தடிப்பில் தகடு வைத்தால் பெயாரிங் உட்காரும் இடமே மாறி எக்ஸல் ஆடும், அல்லது இறுகும். பழைய தகட்டின் தடிப்பை அளந்து, அந்த இடத்தில் அதே தடிப்பு வரும்படி வெட்டச் சொல்லுங்கள். எக்ஸல் குழாயில் வெல்டிங் பிடித்துக் கலிப்பரை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். பிரேக் அடிக்கும்போது வருகிற முழு முறுக்கையும் அந்த ஒட்டுத்தான் தாங்க வேண்டும்.

றிம்மையும் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். 15 அங்குல றிம் என்றாலும் உட்புற வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. கலிப்பரைப் பூட்டி, ரயர் இல்லாத வெறும் றிம்மை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரேக் பைப்பில் நிற்கிற எயாரை வெளியே எடுத்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. பூட்டி முடித்த அன்று பின்னேரம் அண்ணையின் மகன் பெடலில் இருந்தான், நான் சில்லுக்குக் கீழே. "அமத்து, அமத்து, பிடிச்சிரு" என்று இரவு ஒன்பது மணி வரை நடந்தது. ஒரு லீற்றர் பிரேக் ஒயில் போய்விட்டது, பெடல் மட்டும் பஞ்சு மாதிரி. அடுத்த நாள் காலை பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற வயதான மெக்கானிக் ஐயாவைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தவர் கையே வைக்கவில்லை. "நிப்பிள் எங்கை இருக்கெண்டு பாரும் தம்பி. காத்து மேலைதானே போகும்?" என்றார். இடது கலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பூட்டியிருந்தேன். எயார் வெளியே வருகிற நிப்பிள் இரண்டும் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. மாற்றிப் பூட்டிய பிறகு இருபது நிமிடத்தில் பெடல் கல்லு மாதிரி வந்துவிட்டது.

பைப் விடயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பான் வண்டிகளின் பிரேக் பைப் நட் 10 மில்லிமீட்டர், மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர். பைப் முனை உள்ளே மடித்து இரட்டையாக விரித்தது. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றிலும் மரை அதேதான், ஆனால் முனை குமிழ் மாதிரி. இரண்டும் ஒன்றில் ஒன்று அழகாக ஏறும், இறுகவும் செய்யும், அழுத்தம் வரும்போது கசியும். கலவைச் சாமான் வாங்கினால் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூட்டிய பிறகு ஒரு பக்கச் சில்லை ஜக்கில் தூக்கி, எக்ஸல் முழுவதும் தொங்கும்போது ரப்பர் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

இனி ஒயில் அழுத்தம். எங்கள் கராஜ்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிற இடம் இது. ட்ரம்மில் முன்னோக்கும் ஷூ (லைனர் ஒட்டிய வளைந்த தகடு) சுற்றுகிற ட்ரம்மோடு தானே இழுபட்டு இன்னும் இறுகும், அதனால் குறைந்த அழுத்தமே போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை, கூடிய அழுத்தம் வேண்டும். கலிப்பர் பிஸ்டனும் பெரிது, அதை நகர்த்தக் கூடுதல் ஒயில் போக வேண்டும். பெடல் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டால் பெடல் ஆழமாகப் போகலாம். பெரிய மாஸ்டர் போட்டால் பெடல் மேலே வரும், ஆனால் காலுக்குப் பாரமாகும். கணக்குச் சொல்கிறேன்: 22.2 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 25.4க்குப் போனால் பரப்பு ஏறக்குறைய 31 சதவீதம் கூடுகிறது, அதே கால் பலத்துக்கு அழுத்தம் 24 சதவீதம் குறைகிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பெரியதை வாங்காதீர்கள். முதலில் பழையதோடு எயார் சுத்தமாக எடுத்துப் பாருங்கள், பெடல் பாதிக்குக் கீழே போனால் மட்டும் ஒரு அளவு ஏற்றுங்கள். எனக்கு ஏற்ற வேண்டி வந்தது.

சில மாஸ்டர்களில் ட்ரம் பக்கத்து வழியில் சின்ன வால்வு ஒன்று இருக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் தளராமல் இருக்க, கால் எடுத்த பிறகும் ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். அந்த வழியில் டிஸ்க்கை மாட்டினால் பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பூட்டிப் பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் பின் றிம் சுட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது பின் சில்லு முந்திப் பூட்டுவது, அதாவது சுற்றாமல் இறுகி நிற்பது. முன் சில்லு பூட்டினால் வண்டி நேரே வழுக்கும், பின் சில்லு முந்தினால் வண்டி சுழலும். பாரம் இல்லாத ஜீப்பின் பின் பகுதி மிகவும் லேசு. அதனால் பின் பைப்பில் திருகிக் கூட்டிக் குறைக்கிற அழுத்த வால்வு ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் தரவை வெளி ஒன்றுக்குக் கொண்டுபோய், வெளியில் ஒருவரை நிறுத்திவிட்டு, 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஊன்றி அடியுங்கள். எந்தச் சில்லு முதலில் நிற்கிறது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு தடவையும் முன் சில்லு முந்தும் வரை வால்வைக் குறையுங்கள். நாங்கள் எட்டுத் தடவை ஓடினோம். பிறகு நனைந்த நிலத்திலும் ஒருமுறை பார்த்தோம், இன்னும் கால் சுற்றுக் குறைக்க வேண்டியிருந்தது.

கைப்பிரேக்குக்கு வருகிறேன். ட்ரம்மை எடுத்தால் அதற்குள் இருக்கிற கைப்பிரேக்கும் சேர்ந்து போகிறது. அது இல்லாமல் றோட்டில் வண்டி ஓட்டுவது சரியே இல்லை. பழைய எஸ்ஜே410 சிலவற்றிலும் லான்ட் ரோவரிலும் கைப்பிரேக் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்கு (முன், பின் எக்ஸல்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் தனியாக இருக்கிறது, அவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. ஆனால் அவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பிரேக் பிடிப்பது ஷாஃப்டைத்தான். ஒரு பின் சில்லை ஜக்கில் தூக்கினால், தூக்கிய சில்லு பின்பக்கம் சுற்ற டிஃபரன்சியல் இடம் கொடுக்கும், வண்டி உருண்டுவிடும். சில்லுக்குக் கல் வைக்காமல் கீழே போகவே கூடாது. பெடலை அமத்தி ஒயிலை அடைத்து வைக்கிற வால்வைக் கைப்பிரேக்காகப் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் பிடி போய்விடும், அதை நம்ப வேண்டாம்.

நான் போட்ட நெம்புக் கலிப்பர் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் கவனிப்புக் கேட்கிறது. முதல் மாரி முடிவில் வலது பக்க நெம்பு உப்பில் இறுகித் திரும்பி வரவில்லை. புலோலியைத் தாண்டும்போது எரிந்த மணம் வந்தது, இறங்கிப் பார்த்தால் றிம்மில் கை வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து கரைக்குப் போய் வந்த ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவி, கொஞ்சத் தூரம் ஓட்டிப் பிரேக் அடித்துக் காயவைத்து, கைப்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டுக் கல் வைத்து நிறுத்துகிறேன். கலிப்பர் வழுக்கும் ஊசிகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி சிலிக்கன் கிறீஸ் பூசுகிறேன். சாதாரண கிறீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கிற சாமான். டொட் 4 ரக ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 பாகை. கடற்காற்று அடிக்கும் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பின் ஒயில் கிண்ணம் ட்ரம்முக்கு அளந்து வைத்த சின்னக் கிண்ணம் என்றால், பாட் தேயத் தேய ஒயில் மட்டம் கீழே போகும், அடிக்கடி திறந்து பாருங்கள்.

உங்கள் ஜீப்பின் கைப்பிரேக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று கீழே படுத்துப் பார்த்து எழுதுங்கள். பின் சில்லிலா, ட்ரான்ஸ்ஃபர் பெட்டியிலா என்று தெரிந்தால் என்ன கலிப்பர் தேட வேண்டும் என்று சொல்கிறேன். அதற்கு முன் எக்ஸல் சீலைப் பார்த்துவிடுங்கள்.