மாங்குளத்து டட்சன்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அண்ணா,

ஏ9 வீதிக் கராஜ்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘வன்னியில் வாகனம் என்றால் சுமை ஏற்றத்தான்’ என்று ஒரு வரி வருகிறது. அதை வாசித்தபோது அப்பாவின் கார் நினைவுக்கு வந்தது. டட்சன் 1200 கூப்பே: இரண்டு கதவு, பின்பக்கம் சரிந்த கூரை. எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் வாங்கி மாங்குளத்துக்குக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. பின்சீற்றில் நாங்கள் மூன்று பிள்ளைகள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். நெல் மூட்டை ஒன்றுகூட ஒழுங்காக ஏறாது. ஆனாலும் பின்னேரங்களில் அப்பா தனியாக ஒட்டுசுட்டான் பக்கம் ஓடிவிட்டு வருவார். ‘எங்கே போனீர்கள்?’ என்று கேட்டால், ‘சும்மா’ என்பார்.

தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் இல்லாமல் கார் நின்றது. இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனோம். இப்போது உடம்பு மட்டும் வளவின் பின்பக்கம் வேம்புக்குக் கீழே கிடக்கிறது. எஞ்சின் இல்லை, சில்லு இல்லை. பொனட்டைக் கழற்றிப் பங்கருக்கு மேலே போட்டதாக அம்மா சொல்கிறார். இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்லி மச்சான் நிற்கிறார்.

இங்கே பிரம்டனில் பழைய கூப்பே பிரியர்கள் சிலரோடு பழக்கம் உண்டு. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். செலிக்கா, கப்ரி, 240இசட், ஆர்எக்ஸ்-7 என்று பேச்சு போகும். கிரவல் பாதையில் ஒரு கூப்பே ஓடியது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தக் காலக் கார்களுக்கு உயிர் இருந்தது, இப்போது வருவதெல்லாம் வெறும் பெட்டி என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்த டட்சனைத் திருத்தலாமா? டிசம்பரில் ஊருக்கு வருகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
பிரம்டன், கனடா

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் நண்பர்களின் சிரிப்பை முடித்துவிடுவோம். அவர்கள் கொண்டாடுகிற டட்சன் 240இசட், 1971இலும் 1973இலும் கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலி என்ற கார்ப் பந்தயத்தை வென்ற கார். சஃபாரி என்றால் செம்மண், புழுதி, மழை பெய்தால் சேறு. நெடுங்கேணிப் பாதையை மாரியில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1984, 85, 86 என்று மூன்று வருடம் தொடர்ந்து அதே ரலியை வென்றது செலிக்கா. ஆக, உலகத்தின் மோசமான பாதைகளில் பெயர் எடுத்தவை இந்த இரண்டு கதவுக் கார்கள்தான். அடுத்த ஞாயிறு இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலக் கூப்பேக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றை ஏதோ தனிப் பிறவிகள் போலப் பேசுவார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை வேட்டியை மாற்றிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட குடும்பக் கார்கள்தான். ஃபோர்ட் மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்தது. அதன் அடியில் இருந்தது ஃபோல்கன் என்ற சாதாரண வீட்டுக் கார். முதல் வருடத்திலேயே 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் 1969இல் ஃபோர்டின் கப்ரி வந்தது; அதன் பாகங்களில் பெரும்பகுதி கோர்ட்டினா என்ற குடும்பக் காருடையவை. 1986 முடிவில் உற்பத்தியை நிறுத்தும்போது கிட்டத்தட்ட 19 இலட்சம் கப்ரிகள் செய்யப்பட்டிருந்தன. 1970இல் டொயோட்டா செலிக்காவை வெளியிட்டபோது அதே அடித்தளத்தில் கரீனா என்ற நான்கு கதவுக் காரும் கூடவே வந்தது. இளசுகள் இன்றைக்கும் உருகுகிற ஏஇ86, 1983இலிருந்து 1987 வரை வந்த ஒரு கொரோலா. மற்றக் கொரோலாக்கள் முன்சில்லு இழுவைக்கு மாறிய பிறகும் அது பழைய பின்சில்லுத் தள்ளலோடு நின்றது. அதற்கு 1600 சிசி இரட்டைக் கம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எஞ்சினைப் பூட்டினார்கள். அவ்வளவுதான் மந்திரம்.

உங்கள் அப்பாவுடையதும் அந்தச் சாதிதான். 1966இல் கொரோலா வந்தபோது, எதிரியான நிசானின் ‘சனி’ (Sunny) என்ற காரைவிட 100 சிசி கூட என்று சொல்லி விளம்பரம் செய்தார்கள். நிசான்காரருக்கு அது சுட்டது. 1970 ஜனவரியில் 1200 சிசியோடு புதிய சனியை இறக்கி, பக்கத்து வீட்டுக் கார் சிறிதாகத் தெரிகிறது என்ற கருத்தில் பதில் விளம்பரம் போட்டார்கள். வேலிச் சண்டை எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை! அந்தச் சனிதான் வெளிநாடுகளில், நிசானின் இன்னொரு பெயரான டட்சன் என்ற பெயரில் விற்ற டட்சன் 1200. கூப்பேயும் நான்கு கதவுக் காரும் வாகனும் ஒரே எஞ்சின், ஒரே முன் சஸ்பென்ஷன், பின்னால் ஒரே இலை வில்லு. கூரையும் பின்பக்கமும்தான் வேறு.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. மாங்குளம் மாதிரி ஒரு சந்தியில் இந்தக் காரை வைத்திருக்க முடிந்ததற்குக் காரணமே இதுதான். நான்கு கதவு டட்சனுக்கு பாட்ஸ் கிடைத்தால் உங்கள் அப்பாவின் காருக்கும் கிடைத்தது. ஜப்பானும் எங்களைப்போல வீதியின் இடதுபக்கம் ஓடுகிற நாடு, ஸ்ரேரிங் வலதுபக்கம். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு, அங்கே பாவித்த கார்கள் இங்கே வந்து குவிந்தன. பணக்காரர் வாங்கியது பென்ஸ். ஒரு கடைக்காரரோ கமக்காரரோ கொஞ்சம் ஆசையோடு வாங்கக்கூடியது இப்படியான ஒன்று. ஆடம்பரம்தான், ஆனால் கைக்கு எட்டின ஆடம்பரம்.

உயிர் பற்றி: எனக்கு அந்தக் கட்சியில் இடம் வேண்டாம். உங்கள் அப்பாவின் காரில் இருந்தது 1171 சிசி, 68 குதிரைவலு. இன்றைக்குக் கிளிநொச்சியில் வாடகைக்கு ஓடுகிற ஏதாவதொரு டொயோட்டா அக்குவா, மாங்குளத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு அந்த டட்சனுக்காகக் காத்திருக்கும். பிரேக்கும் புதியதில்தான் நல்லது. ஏதாவது மோதினால் உயிரோடு வெளியே வரவும் புதியதில்தான் வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் இதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது; அதுவும் அளந்து பார்க்கக்கூடிய ஒன்றுதான். டட்சன் 1200 ஏழு நூறு கிலோ சொச்சம். அக்குவா ஒரு தொன்னுக்கு மேலே. டட்சனில் பவர் ஸ்ரேரிங் கிடையாது, சீற் நிலத்தோடு இருக்கும், சத்தத்தை மறைக்கக் கதவுக்குள் ஒன்றுமில்லை. ஆகவே மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போதே பாதையின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும். வேகம் 100 போலத் தோன்றும். புதிய காரில் 100இல் போனாலும் 60 போலத்தான் இருக்கும். ஒட்டுசுட்டான் பாதையில் 60க்கு மேல் போக எந்தக் காலத்தில் முடிந்தது? அப்பாவுக்கு அந்த 60 போதும்.

அவர் ‘சும்மா’ என்று சொன்னதில்தான் எனக்கு அக்கறை. என் வரியை நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அதை இப்போதும் மாற்றமாட்டேன். இங்கே வாகனம் என்றால் நெல் ஏற்ற வேண்டும், விறகு ஏற்ற வேண்டும், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கோயில் திருவிழாவுக்கு அயலையே ஏற்ற வேண்டும். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு குடும்பமே போகும். அப்படி ஒரு இடத்தில், யாருக்கும் கடமைப்படாத ஒரு வாகனத்தை ஒரு குடும்பஸ்தர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். மூட்டை ஏறாது என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அப்பாவுக்கு அதுதான் அந்தக் காரின் குணம். பக்கத்து வீட்டுக்காரர் மூட்டையோடு வந்து கேட்டால், ‘ஏறாது’ என்று கையை விரிக்கலாம். அம்மாவின் கோபமும் நியாயமானது என்பதைச் சொல்லிவைக்கிறேன். முழங்காலை மடக்கி இருந்த பிள்ளைகளைப் பற்றிய கவலை அவருக்கு. கூப்பே பிரியர்கள் எழுதுகிற நினைவுகளில் பின்சீற்றில் இருந்தவர்கள் வருவதே இல்லை. நீங்கள் அங்கே இருந்தவர், நீங்களாவது எழுதுங்கள்.

தொண்ணூறுக்குப் பிறகு கார் நின்றதற்குக் காரணத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பெற்றோல் இல்லை என்பது பாதிக் கதை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராமல்போக, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடியது எல்லோருக்கும் தெரியும். சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, காபரேட்டருக்குள் பீய்ச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் காரணம். இந்த வைத்தியம் கிழட்டு ஒஸ்ரின் ஏ40க்கும் மொரிஸ் மைனருக்கும் பிடித்தது. அவற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்ற அளவு, ஏழு அளவில்தான். டட்சனில் அது ஒன்பது. அவ்வளவு அமுக்கத்தில் மண்ணெண்ணெய் தன் பாட்டில் முந்தி வெடிக்கும்; எஞ்சின் தட்டும், பிஸ்ரன் அடிவாங்கும். எரியாத மிச்சம் கீழே இறங்கி ஒயிலையும் தண்ணீராக்கும். எந்த எஞ்சினுக்கும் அது நடக்கும், ஆனால் பழையவை பொறுத்துக்கொண்டன. அப்படித்தான் தாத்தாமாரின் கார்கள் தடைக்காலம் முழுக்கப் புகைவிட்டுக்கொண்டு ஓட, அவற்றைவிட இருபது வருடம் இளைய கார்கள் கிடுகுக் கொட்டிலுக்குள் படுத்தன. அப்பா மண்ணெண்ணெய் ஊற்றாமல் நிறுத்திவைத்தார் என்றால் அவருக்கு எஞ்சின் தெரிந்திருக்கிறது.

இனித் திருத்துவது பற்றி.

வளவின் பின்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாங்குளத்தைச் சுற்றி எத்தனை தடவை சண்டை நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கம் கண்ணிவெடி அகற்றி முடித்துக் கையளிக்கப்பட்ட காணியா என்று கிராம அலுவலரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே காலை வையுங்கள். பற்றைக்குள் போய்ப் படம் எடுக்கும் ஆசை வரும், வேண்டாம்.

அடுத்தது கடதாசி. மோட்டார் வாகனப் பதிவுப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் இலக்கமாவது அம்மாவுக்கு நினைவிருக்கிறதா? செஸி இலக்கம் (காரின் உடம்பில் பொறித்த அடையாள இலக்கம்) வாசிக்கக்கூடியதாக இருந்து, அது பதிவோடு பொருந்தினால்தான் மேற்கொண்டு பேசலாம். இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு செலவழித்தாலும் அது வீதிக்கு வராது. ‘வேறு இலக்கம் ஒன்று போட்டுத்தருகிறேன்’ என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எஞ்சின் இல்லாதது பெரிய குறை இல்லை. டட்சன் 1200இல் இருந்த ஏ12 எஞ்சினின் குடும்பம் நெடுநாள் வாழ்ந்தது. அதன் அண்ணன் தம்பிகள் பழைய வனெட் வான்களில் இங்கேயே ஓடின. அதே காரின் பிக்கப் ஜப்பானில் 1994 வரையும், தென்னாபிரிக்காவில் 2008 வரையும் உற்பத்தியானது. ஆகவே பிஸ்ரன், கஸ்கெட் வகையறா தேடினால் கிடைக்கும். கிடைக்காதது தகரம். பொனட், அந்த முன் கிறில், பின் கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர், இவைதான் தேடியும் இல்லாதவை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1200ஐக் கோயில் கட்டிக் கும்பிடுகிற கூட்டம் உண்டு, அங்கே விசாரியுங்கள்.

மிக முக்கியம் கறள். முப்பது மாரி கண்ட உடம்பு. மேலே பார்த்து ஏமாறவேண்டாம். தளத்தகட்டுக்குக் கீழே நீளமாக ஓடும் சட்டங்களையும், இலை வில்லு பின்னால் மாட்டப்படும் இடத்தையும் ஒரு ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த உடம்பு கார் இல்லை. அப்போது மச்சான் சொல்வதுதான் சரி. இலக்கத் தகட்டையும் ஸ்ரேரிங்கையும், அவை மிஞ்சியிருந்தால், கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் துரோகம் என்று நினைக்கவேண்டாம். 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களின் ஒவ்வொரு தகரமும் யாரோ ஒருவரின் அப்பா ஓடியதுதான்.

சட்டங்கள் நன்றாக இருந்தால் திருத்துங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. கனடாவில் இருந்துகொண்டு காசு அனுப்பி, மினுக்கி, கறாஜுக்குள் துணி போர்த்தி வைப்பதற்கு என்றால் வேண்டாம். ஊரில் ஒருவர் அதைக் கிழமைக்கு ஒரு தரமாவது ஓட வேண்டும். மச்சான் அதற்குச் சரிவருவாரா என்று முதலில் அவருக்கு ஓட்டக் கொடுத்துப் பாருங்கள். பழைய கொரோலா ஏதாவது ஒன்றை ஒரு பின்னேரத்துக்கு இரவல் எடுத்து, ஸ்ரேரிங்கை அவர் கையில் கொடுங்கள். திரும்பி வந்து எங்கே போனார் என்று சொல்லத் தெரியாமல் நின்றால் ஆள் சரி.

டிசம்பரில் வராதீர்கள். மழைக்காலம், வளவு முழுக்கத் தண்ணீர் நிற்கும், காருக்குக் கீழே படுத்துப் பார்க்க முடியாது. பெப்ரவரி கடைசியில் வாருங்கள். அதற்கு முதல் செஸி இலக்கத்தை மச்சானிடம் கேட்டு எனக்கு அனுப்புங்கள். காணி பற்றிக் கிராம அலுவலரிடம் கேட்ட பிறகு மட்டும்.

அன்புடன்,
அண்ணா