ஸ்பான்சர் யாரு, காசு யாரு கட்டணும்? வேலை விசா கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வேலை விசா பத்திதான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: மேடம், நான் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர், ஏழு வருஷ அனுபவம். பிரிட்டன்ல ஒரு கம்பெனி எனக்கு ஸ்பான்சர் பண்ணுதுன்னு ஏஜென்ட் ஒருத்தர் சொல்றாரு. இன்டர்வியூ போன்லயே பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. ஸ்பான்சர்ஷிப் சர்டிஃபிகேட் ரெடி, பாதி பணம் கட்டுனா கைல குடுத்துடுவேன்கிறாரு. கட்டலாமா?

கட்டாதீங்க தம்பி. ஒரு ரூபா கூட கட்டாதீங்க.

ஏன்னா அந்த சர்டிஃபிகேட் கைல குடுக்கற காகிதமே இல்ல. கம்பெனிக்காரங்க அங்க உள்துறையோட ஆன்லைன் சிஸ்டத்துல உங்க பேர்ல போடற ஒரு பதிவு அது, உங்களுக்கு வர்றது ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் மட்டும்தான். அந்த பதிவுல உங்க வேலைக்கான கோட், சம்பளம், எந்த அட்ரஸ்ல வேலை, எத்தன மணி நேரம், எந்த தேதில சேரணும் எல்லாம் இருக்கும், நம்பர் வந்து 3 மாசத்துக்குள்ள நீங்க விசாவுக்கு அப்ளை பண்ணணும். அத போடறதுக்கு கம்பெனிக்கு முதல்ல லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இருக்கற கம்பெனிங்க லிஸ்ட்ட பிரிட்டன் அரசாங்கமே அவங்க வெப்சைட்ல போட்டிருக்கு, யார் வேணாலும் டவுன்லோடு பண்ணி பேர் இருக்கா, எந்த ஊர்னு போட்டிருக்கு, 'ஸ்கில்டு வொர்க்கர்' பிரிவுல இருக்கான்னு பாத்துக்கலாம். பேர் இல்லனா பேச்சே வேண்டாம். பேர் இருந்தாலும் அதோட நிறுத்தாதீங்க, நெசமான கம்பெனி பேர வச்சே ஏமாத்தறவங்க இருக்காங்க, அதனால கம்பெனியோட சொந்த வெப்சைட்ல இருக்கற நம்பர எடுத்து நீங்களே போன் போட்டு எச்ஆர் கிட்ட கேளுங்க, ஏஜென்ட் குடுத்த நம்பர்ல இல்ல.

அடுத்து சம்பளம். 2025 ஜூலை 22-லேர்ந்து பொதுவா வருஷத்துக்கு குறைஞ்சது 41,700 பவுண்ட், இல்லனா அந்த வேலைக்குன்னு வச்சிருக்கற ரேட், ரெண்டுல எது ஜாஸ்தியோ அது வேணும். சின்ன வயசுக்காரங்க, பிஎச்டி முடிச்சவங்க மாதிரி சில பேருக்கு குறைவா இருக்கும், ஆனா ஏழு வருஷ அனுபவக்காரருக்கு அதுக்கு ரொம்ப கீழ ஆஃபர் வந்தா ஏன்னு கேக்கணும்.

காசு விஷயத்த மனசுல நல்லா ஏத்திக்கோங்க. லைசென்ஸ் செலவு, அந்த பதிவுக்கான ஃபீஸ், வெளிநாட்டு ஆள எடுக்கறதுக்கு கம்பெனி அரசாங்கத்துக்கு கட்டற இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் இதெல்லாம் கம்பெனியோட பொறுப்பு, உங்க தலைல கட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு. விசா ஃபீஸும், அங்க அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜும் (இது பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட்) நீங்க கட்ட வேண்டி வரலாம், நல்ல கம்பெனினா அதையும் அவங்களே கட்டிடுவாங்க. அதையும் அரசாங்க சைட்ல நேரா கட்டறதுதான், நடுவுல ஆள் எதுக்கு? மத்த நாட்லயும் கிட்டத்தட்ட இதே கததான். கனடால வெளிநாட்டு ஆள எடுக்க கம்பெனி வாங்க வேண்டிய எல்எம்ஐஏ-ங்கற அனுமதிக்கு ஒரு போஸ்டுக்கு 1,000 டாலர் கம்பெனி கட்டணும், அத உங்க கிட்ட திருப்பி வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியால ஸ்பான்சர் பண்றதுக்கு பணம் வாங்கறதும் சட்ட விரோதம், குடுக்கறதும் சட்ட விரோதம், அதனால பணம் குடுத்தவரும் மாட்டுவார், விசாவே கேன்சல் ஆகலாம். இத நெனச்சாலே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, நகைய வித்து கட்டினவங்களும் சேர்ந்து மாட்டிக்கறாங்க.

கேள்வி: இன்டர்வியூல ஸ்பான்சர்ஷிப் வேணும்னு எப்போ சொல்றது? முதல்லயே சொன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

ஃபார்ம்ல 'இப்பவோ பின்னாடியோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா'ன்னு கேட்டிருந்தா ஆமான்னே போடுங்கம்மா, அங்க பொய் சொன்னா பின்னாடி ஆஃபர வாபஸ் வாங்க அவங்களுக்கு காரணம் கெடச்சிரும். ஃபார்ம்ல கேக்கலன்னா முதல் எச்ஆர் கால்லயே கேட்டுடுங்க. நாலு ரவுண்டு முடிச்சுட்டு கடைசில சொன்னா ரெண்டு பேருக்கும் நேரம் வேஸ்ட். கேக்கறப்போ சும்மா 'விசா குடுப்பீங்களா'ன்னு இல்லாம இந்த போஸ்டுக்கு இதுக்கு முன்னாடி ஸ்பான்சர் பண்ணிருக்கீங்களா, இந்த சம்பளம் விசா லிமிட்ட தாண்டுதா, ஃபீஸ்ல எது எது நீங்க கட்டுவீங்கன்னு கேளுங்க. விவரம் தெரிஞ்சு கேக்கற ஆள்னு எச்ஆருக்கும் ஒரு மரியாதை வரும்.

அமெரிக்கான்னா நெலமை வேற. அங்க படிச்ச வேலைக்காரங்களுக்கான எச்-1பி விசா, சாதாரண கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு 65,000, அமெரிக்க மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு கூடுதலா 20,000, அவ்ளோதான். மார்ச்ல கம்பெனி உங்க பேர ரெஜிஸ்டர் பண்ணணும், செலக்ட் ஆனாதான் மனு போட முடியும், வேலைல சேர்றது அக்டோபர். அதுக்கு மேல 2025 செப்டம்பர்ல, அந்த நாட்டுக்கு வெளில இருக்கறவங்களுக்கு போடற புது மனுவுக்கு கம்பெனி 1,00,000 டாலர் கட்டணும்னு அதிபரோட உத்தரவு வேற வந்துச்சு. அதனால யாராவது 'எச்-1பி கேரன்டி'ன்னு சொன்னா போன வச்சுடுங்க.

கேள்வி: டூரிஸ்ட் விசால பிரிட்டன் போய் அங்கயே வேலை தேடி வொர்க் விசாவா மாத்திக்கலாமா சார்னு ஃப்ரெண்டு கேக்க சொன்னான்.

முடியாது. விசிட்டரா உள்ள இருந்துகிட்டு ஸ்கில்டு வொர்க்கருக்கு மாற அனுமதி இல்ல, வெளில வந்துதான் அப்ளை பண்ணணும். விசிட்டரா இருந்துகிட்டு வேலை பாத்து மாட்டினா அடுத்த விசாவும் போச்சு.

கேள்வி: பழைய கம்பெனில 'இவர் இங்க வேலை பாத்தார்'னு ரெண்டு வரி லெட்டர்தான் குடுத்திருக்காங்க. இது போதுமா?

போதாதுங்க, பல பேருக்கு கேஸ் இழுக்கறது இங்கதான். விசா ஆபீசர் உங்க முகத்த பாத்து முடிவு பண்ணப் போறதில்ல, காகிதத்ததான் பாக்கப் போறார். கம்பெனி லெட்டர்ஹெட்ல என்ன பதவி, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், ஃபுல் டைமா, வாரத்துக்கு எத்தன மணி நேரம், தினமும் என்ன வேலை பாத்தீங்கன்னு ஒரு ஏழெட்டு வரி, கையெழுத்து போட்டவரோட பதவி, போன் நம்பர் இவ்ளோவும் இருக்கணும். வேலைய விட்டு நாலு வருஷம் கழிச்சு கேட்டா பழைய மேனேஜரே அங்க இருக்க மாட்டார், அதனால இப்ப வேலைல இருக்கறவங்க விட்டு வர்றப்பவே வாங்கிடுங்க. குடுக்க மாட்டேங்கறாங்கன்னா பழைய மேனேஜரோ கூட வேலை பாத்தவரோ எழுதின கடிதம், கூடவே பே ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், வரி கட்டின ரெக்கார்டு எல்லாத்தையும் சேத்து வைங்க. பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிச்சு இருக்கும், டிகிரில ஒத்த எழுத்து இருக்கும், அதையும் இப்பவே சரி பண்ணிக்கோங்க. ஜெர்மனின்னா உங்க காலேஜும் டிகிரியும் வெளிநாட்டு படிப்புக்கு அங்க மதிப்பு உண்டான்னு காட்டற அனாபின் டேட்டாபேஸ்ல எப்படி போட்டிருக்குன்னு வேலை தேடறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் அமெரிக்கால எச்-1பி, நானும் பையனும் அவர சார்ந்த குடும்பத்துக்கான எச்-4. அவர் டீம்ல ஆள் குறைக்கறாங்கன்னு பேச்சு. வேலை போனா மறுநாளே கெளம்பணுமா? தூக்கமே இல்ல.

மறுநாளே கெளம்ப வேண்டியதில்லம்மா. 60 நாள் வரைக்கும் டைம் இருக்கு, உங்களுக்கும் பையனுக்கும் சேத்துதான், ஆனா எந்த தேதி வரைக்கும் அங்க தங்கலாம்னு காட்டற ஐ-94 பதிவுல இருக்கற தேதி அதுக்கு முன்னாடி வந்தா அதுதான் கணக்கு. நாள் எண்றது பொதுவா கடைசியா சம்பளம் போட்ட நாளுக்கு மறுநாள்லேர்ந்து. வேலைய விட்டு அனுப்பறப்போ குடுக்கற செவரன்ஸ் பணம் பின்னாடி வந்தாலும் அதனால நாள் அதிகமாகாது, நிறைய பேர் இங்க ஏமாந்துடறாங்க. அந்த 60 நாளுக்குள்ள புது கம்பெனி மனு போட்டா போதும், அது அப்ரூவ் ஆகற வரைக்கும் காத்திருக்காம அங்க வேலைல சேரலாம். வேலை கெடைக்கலன்னா நாள் முடியறதுக்குள்ள விசிட்டர் ஸ்டேட்டஸுக்கு மாத்த சொல்லி அப்ளை பண்ணலாம், ஆனா அதுல வேலை பாக்க முடியாது. பிரிட்டன்லயும் வழக்கமா 60 நாள்தான் குடுக்கறாங்க, ஆஸ்திரேலியால ஒரு தடவைக்கு 180 நாள்.

இப்பவே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. மனு கம்பெனியோடது, அதனால நிறைய பேர் கைல ஒரு காப்பி கூட இருக்கறதில்ல, ஆபீஸ் மெயில் மூடின அன்னிக்குதான் முழிக்கறாங்க. மனு அப்ரூவ் ஆனதுக்கான ஐ-797 நோட்டீஸ், சம்பளம், வேலை இடம் பத்தி கம்பெனி அங்க தொழிலாளர் துறைக்கு குடுத்த எல்சிஏ-வோட காப்பி, கடைசி ஆறு மாச பே ஸ்லிப் இதெல்லாம் அவரோட சொந்த மெயில்ல இன்னிக்கே வந்து உக்காரட்டும். எல்சிஏ காப்பி குடுக்க வேண்டியது கம்பெனியோட கடமை, கேட்டு வாங்கறதுல தப்பே இல்ல.

இன்னொண்ணு, எச்ஆர் கூப்ட்டு 'ராஜினாமான்னு எழுதி குடுத்துடுங்க, ரெக்கார்டுக்கு நல்லா இருக்கும்'னு சொன்னா அவசரப்பட்டு கையெழுத்து போட வேண்டாம்னு அவர் கிட்ட சொல்லி வைங்க. விசா காலம் முடியறதுக்கு முன்னாடி கம்பெனியே வேலைய விட்டு அனுப்பினா, அவர் சொந்த நாட்டுக்கு திரும்பற நியாயமான பயணச் செலவ கம்பெனிதான் ஏத்துக்கணும். தானே விலகிட்டதா எழுதி குடுத்துட்டா அத கேக்க முடியாது. உங்களுக்கும் பையனுக்கும் டிக்கெட் அதுல வராது, அதுக்கு கொஞ்சம் தனியா எடுத்து வச்சுக்கோங்க.