கைக்குழந்தை, வேலை, படிப்பு: டாக்டரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நள்ளிரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அனுப்பப்பட்டவை. அந்த நேரத்தைப் பார்த்தபோதே எழுதியவர்களின் நிலைமை புரிந்துவிட்டது. நானும் குழந்தைகள் நல மேற்படிப்பைக் கைக்குழந்தையோடு படித்தவள். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆறு வாரம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரை வரை அழுகிறாள். பால் நன்றாகக் குடிக்கிறாள், எடையும் ஏறுகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு செமஸ்டர் தேர்வு. புத்தகத்தைத் தொட்டாலும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

பதில்: முதலில் அழுகையைப் பார்ப்போம். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையை அவர்களுடைய அம்மாக்களிடம் நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லி, 1962இல் முடிவை வெளியிட்டார். வாரா வாரம் கூடிக்கொண்டே போன அழுகை, ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரமாக உச்சத்தைத் தொட்டது. அதிலும் சாயங்கால அழுகைதான் அதிகம். அப்புறம் தானாகக் குறைந்தது. உங்கள் மகள் இப்போது அந்த உச்சியில் இருக்கிறாள். தேர்வு வரும்போது அவளுக்கு மூன்றரை மாதம் ஆகியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்குள் இந்த அழுகை நன்றாகத் தணிந்துவிடும்.

ஆனால் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அழுகையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால், குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவள் அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை. பிடித்து உலுக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. மூளைக்குள் ரத்தம் கசியும்.

இனி படிப்பு. மண்டையில் ஏறாததற்குக் காரணம் உங்கள் அறிவு மங்கியதல்ல. படித்ததை மூளை பதித்துவைப்பது தூக்கத்தில்தான், அந்தத் தூக்கம் உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. படிக்கும் நேரமும் இருபது நிமிடத் துண்டுகள்தான். அதில் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடியும் வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், மறுபடி வாசிக்காமல் நினைவிலிருந்தே எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். உங்களுக்கு இது மிகப் பெரிய உதவி, ஏனென்றால் நினைவுகூரப் புத்தகமும் வேண்டாம், மேசையும் வேண்டாம். மகளைத் தோளில் போட்டு நடக்கும் சாயங்காலத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பதிலை அவளிடமே சத்தமாகச் சொல்லுங்கள். அவளுக்கு வேண்டியது உங்கள் குரல். எந்தப் பாடமானாலும் சரி. சொல்ல முடியாமல் எங்கே திக்குகிறீர்களோ, அடுத்த இருபது நிமிடத்தில் அதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள்.

இன்னொன்று. எல்லாத் தாள்களையும் இந்த முறையே எழுத வேண்டுமா என்று கல்லூரியில் இப்போதே கேளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். இரண்டு தாள் போயிற்று. ஒரு தாளைத் தள்ளிவைக்க விதியில் இடம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் எப்போதுதான் படிப்பது?

பதில்: பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். கேட்பதற்கு நிறைய இருப்பதுபோல் தெரியும். ஆனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பாலுக்கு எழும். முதல் ஆறு வாரம் அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். அதன் பிறகு பகல் தூக்கங்களில் ஒன்றை உங்கள் தூக்கத்துக்கும் இன்னொன்றைப் படிப்புக்கும் ஒதுக்குங்கள். வீட்டு வேலைக்கு ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். துணி மடிப்பதைக் குழந்தை விழித்திருக்கும்போதும் செய்யலாம்.

கேள்வி: குழந்தைக்கு இரண்டரை மாதம். ஆபீஸ் விட்டு வந்து பாத்திரம் கழுவுகிறேன், டயப்பர் மாற்றுகிறேன், மனைவி சொன்னதையெல்லாம் செய்கிறேன். அவள் ஆன்லைனில் படிக்கவும் செய்கிறாள். ஆனாலும் "எல்லாம் என் தலையில்தான்" என்கிறாள். இரவில் நானும் கூடவே எழுந்துவிடுவதால் காலையில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது.

பதில்: "மனைவி சொன்னதையெல்லாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் அவருடைய பாரம். டயப்பர் நாளைக்குத் தீர்ந்துவிடும், அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி, போன வாரம் வாங்கிய சட்டை இப்போதே சின்னதாகிவிட்டது... இதையெல்லாம் ஒரு மனதுக்குள் ஓட்டிக்கொண்டே பாடத்தையும் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். செய்யும் வேலைகளோடு இன்னும் இரண்டைச் சேர்ப்பதால் இது தீராது. ஏதாவது ஒரு விஷயத்தை முழுவதுமாக உங்கள் பொறுப்பாக்குங்கள். தடுப்பூசி என்றால் தேதியை நினைவில் வைப்பது, லீவு போடுவது, பையில் எல்லாம் எடுத்துவைப்பது, அன்று இரவு காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பது எல்லாமே நீங்கள்தான். அவர் அதை மறந்துவிடக்கூடிய நிலை வர வேண்டும்.

இரவைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருப்பது அன்பாகத் தோன்றும். காலையில் வீட்டில் இரண்டு களைத்த ஆட்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். இரவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர் காவல், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். காவலில் இல்லாதவர் முடிந்தால் வேறு அறையில் படுக்கட்டும். தாய்ப்பால் நன்றாக ஊறி நிலைப்பட்டபின், அதாவது பெரும்பாலும் நான்கு வாரத்துக்குப் பிறகு, எடுத்துவைத்த பாலை உங்கள் முறையில் நீங்கள் கொடுக்கலாம். குழந்தை பாட்டிலை ஏற்காவிட்டால், அவர் பால் மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுக்கட்டும். ஏப்பம் எடுப்பதும் டயப்பரும் தூங்கவைப்பதும் உங்கள் வேலை. வீட்டில் எதைப் பங்கிடுவதானாலும் நான் முதலில் பங்கிடச் சொல்வது தூக்கத்தைத்தான். மற்றப் பேச்சுகளைத் தூங்கி எழுந்தவர்கள்தான் சண்டையில்லாமல் பேச முடியும்.

வண்டி விஷயம் அவசரமானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கண் சொக்கும் நாளில் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: இரவில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே அசைன்மென்ட் படிப்பேன். இரண்டு முறை அப்படியே தூங்கிவிட்டேன். தப்பா?

பதில்: தப்பு என்று உங்களைத் திட்ட மாட்டேன், ஆனால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கிப்போவது மிகவும் ஆபத்து. உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவே முகம் அழுந்தி மூச்சு அடைத்துவிடும். தூக்கம் வரும்போல் இருந்தால், தலையணையும் போர்வையும் இல்லாத கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது சோபாவைவிட மேல். கொடுத்து முடித்ததும், குழந்தையை அதன் தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். அந்த நேரத்தில் அசைன்மென்ட் வேண்டாம்.

கேள்வி: நான்காவது மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பாலை எடுத்துவைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம். ஃப்ரிட்ஜில் 4 நாள் (கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள்). ஃப்ரீசரில் 6 மாதம்வரை நன்றாக இருக்கும். உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கினால் ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருந்து குழந்தையின் வாய் பொத்துப்போகும். வேலையில் சேர இரண்டு மூன்று வாரம் முன்பே பம்ப் செய்து பழகுங்கள். காலையில்தான் பலருக்கும் பால் அதிகம் வரும்.

வேலையிடத்தில் இதற்கு நேரம் கேட்பது சலுகை கேட்பதல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு 183ஆவது உடன்படிக்கை, பால் கொடுப்பதற்கான இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே கணக்கிடச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். அவனைப் பார்த்தால் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. படிப்பை விட்டுவிட்டேன். அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நல்ல அம்மா இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தை நான் பல முறை படித்தேன். பிரசவமான சில நாளில் அழுகையும் மனச்சோர்வும் நிறையப் பேருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. குழந்தை தூங்கியும் நீங்கள் தூங்க முடியாமல் இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இது நோய், குணக்கேடு அல்ல. மருந்தும் பேச்சு சிகிச்சையும் இதைக் குணப்படுத்தும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வாரமே மருத்துவரிடம் போய் அதைக் கேட்டு நிரப்புங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் சோதனை எழுதச் சொல்லுங்கள், அவையும் இப்படி ஆளைச் சாய்த்துவிடும். தனியாகப் போகாதீர்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். (அப்பாக்களே, இந்த நோய் உங்களுக்கும் வரும். உங்களில் பலர் எரிச்சலாக மட்டும் அதைக் காட்டுகிறீர்கள்.)

கேள்வி: ஒன்பது மாதம். காப்பகத்தில் விடும்போது காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே போவான். நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். எட்டு, ஒன்பது மாதத்தில், கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று அவனுக்குப் புரியத் தொடங்குகிறது, அதனால்தான் தேடுகிறான். அவன் பார்க்காத நேரத்தில் நழுவிப் போகாதீர்கள், அடுத்த நாள் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். தினமும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நிற்காமல் கிளம்புங்கள். பத்து நிமிடம் கழித்துப் போன் செய்து அழுகை நின்றதா என்று காப்பகத்தில் கேளுங்கள். நின்றுவிட்டது என்றால் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் நாள் முழுக்க அழுதாலோ, அங்கே எதையும் சாப்பிடாமல் இருந்தாலோ மறுபடி எழுதுங்கள், காப்பகத்தில் அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எத்தனை குழந்தைக்கு ஒருவர் என்பதையும் சேர்த்து.