அடிபடாத ஹீரோவ வச்சு சஸ்பென்ஸ் எப்படி கொண்டு வர்றது?

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து 25 நிமிஷ சூப்பர்ஹீரோ எபிசோட் ஒண்ணு எழுதியிருக்கோம். ஹீரோவ குண்டு துளைக்காது, பறப்பாரு. படிச்சவங்க எல்லாம் "எப்படியும் ஜெயிச்சிடுவாரு, டென்ஷனே இல்ல"ன்னு சொல்றாங்க. வில்லனுக்கு இன்னும் பவர் ஏத்தலாமா? பட்ஜெட்டும் கம்மி.

பதில்: ஏத்தாதீங்க. வில்லன் பவர ஏத்தினா ஹீரோ பவரையும் ஏத்தணும், கடைசில கிராஃபிக்ஸ் செலவுதான் ஏறும். இதே சிக்கல் 1952-ல அமெரிக்க டிவில ஓட ஆரம்பிச்ச 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' சீரியலுக்கும் இருந்துச்சு. ஜார்ஜ் ரீவ்ஸ் நடிச்சது, மொத சீசன் பிளாக் அண்ட் ஒயிட், எபிசோட் ஒவ்வொண்ணும் அரை மணி ஸ்லாட்டுக்குள்ள. பறக்குற ஷாட்டெல்லாம் எடுத்ததையே திரும்பத் திரும்ப போட்டு ஓட்டுனாங்க.

அந்த மொத சீசன்ல 'தி ஸ்டோலன் காஸ்ட்யூம்'னு ஒரு எபிசோட், அத உட்கார்ந்து பாருங்க. சூப்பர்மேன் தான் யாருன்னு மறைச்சு, கிளார்க் கென்ட்ங்கிற பேர்ல சாதாரண ஆளா வாழுறாரு. ஒரு திருடன் அந்த கிளார்க் வீட்டுக்குள்ள புகுந்து, ரகசிய அலமாரில இருந்த சூப்பர்மேன் டிரெஸ்ஸ எடுத்துட்டுப் போயிடுறான், அவ்வளவுதான் மேட்டரு. திருடன் குண்டடி பட்டு செத்துப் போறான், ஆனா டிரெஸ் ஏஸ்னு ஒரு ரவுடி கைலயும் அவனோட காதலி கானி கைலயும் சிக்கிடுது, அது யார் வீட்டுல இருந்து வந்துச்சுன்னு அவங்க கண்டுபிடிக்க ஆரம்பிக்கிறாங்க. இப்ப சூப்பர்மேனோட பலம் எதுக்கு உதவும்? அவர் உடம்புல கீறல் விழாது, ஆனா ரகசியம் ஒருத்தர் வாய்ல இருந்து இன்னொருத்தர் காதுக்கு போனா முடிஞ்சது கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கிளார்க் ஒரு டிடெக்டிவ் நண்பர்கிட்ட போய் உதவி கேக்குறது, ஏதோ திருடு போயிடுச்சுன்னு சொல்ல முடியுது, என்ன போச்சுன்னு சொல்ல முடியல. ரெண்டு பேர் நின்னு பேசுறாங்க, செலவே இல்ல, நமக்கு இங்க பதறுது. காரணம், டிரெஸ் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

உங்க ஸ்கிரிப்டுல ஒவ்வொரு சீன் பக்கத்துலயும் ஹீரோவுக்கு என்ன தெரியும், வில்லனுக்கு என்ன தெரியும், பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்னு எழுதிப் பாருங்க. மூணும் ஒண்ணா இருக்குற சீன்லதான் டென்ஷன் செத்திருக்கும். வில்லன் ஒரு படி நெருங்குறத நாங்க பாக்கணும், ஹீரோ லேட்டா தெரிஞ்சுக்கணும். சண்டை ஒண்ணு போதும், கடைசில வச்சாலும் பரவால்ல.

ஒரு விஷயத்துல மட்டும் அந்த எபிசோட ஃபாலோ பண்ணாதீங்க. ரகசியம் தெரிஞ்ச அந்த ரெண்டு பேரையும் சூப்பர்மேன் தூக்கிட்டுப் போய் ஒரு பனிமலை உச்சில விட்டுடுறாரு, அவங்க தப்பிச்சு எறங்கப் பார்த்து விழுந்து செத்துடுறாங்க. எழுதினவங்களுக்கு முடிச்ச அவிழ்க்க வழி கெடைக்காம அறுத்துட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது, மனுஷங்கள காப்பாத்துற ஹீரோ மேலயே ஒரு கறை விழுந்துடுது. அதனால கடைசில ரகசியம் யார்கிட்ட மிச்சம் இருக்கும், அவங்க ஏன் வாயத் திறக்க மாட்டாங்கன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு, அங்கேருந்து பின்னாடி வந்து சீன் பிரிங்க.